கிராசிங் போன பிறகு: திண்டிவனம் – விழுப்புரம் பாதையின் சிறு ரயில் நிலையங்கள்

விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு எக்ஸ்பிரஸ் வண்டியில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். வண்டி கிளம்பித் திண்டிவனம் வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே நான்கு மஞ்சள் பலகைகள் வந்து போகும். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பலகை பின்னால் போய்விடும். பாசஞ்சர் வண்டியும் மெமு வண்டியும் நாளைக்குச் சில முறை இந்த ஊர்களில் நின்று போகின்றன. மற்ற நேரமெல்லாம் பிளாட்பாரம் காலி.

இதில் ஒரு நிலையத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. நான் எழுதப்போவது ஒரு ஊருக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை, அதனால்தான். மெயின் ரோட்டு டீக்கடையில் வழி கேட்டபோது, "அங்க இன்னா சார் இருக்குது? பாசஞ்சரும் இந்நேரத்துக்கு இல்லியே" என்றார் கடைக்காரர். வண்டிக்காகப் போகவில்லை, பழைய கட்டடத்தைப் பார்க்கப் போகிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைக் காட்டினார். "அவுரு ரயில்வேல இருந்தவரு. அவுரக் கேளுங்க."

பெரியவர் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னோடு நடந்தே வந்தார். பூட்டிய அறை ஒன்றின் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தது. ஜன்னல் போல ஒரு சின்னத் துவாரம், அதன் கீழே கை வைத்து வைத்துத் தேய்ந்த கல். டிக்கெட் கொடுத்த இடம். "ஒரு காலத்துல இங்க ராப்பகலா ஆளு இருக்கும் தம்பி. மூணு ஷிப்டு" என்றார். நான் உடனே வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "அப்போ ஊர்ல இருந்து அவ்வளவு பேர் ரயிலேறுவாங்களா ஐயா?" அவர் சிரித்துவிட்டார். "ஊர்க்காரங்களுக்கா மூணு ஷிப்டு போடுவான்? கிராசிங்குக்கு தம்பி, கிராசிங்குக்கு."

இந்தக் கட்டுரைக்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

வெள்ளைக்கார துரையும் ஜமீன்தாரும்

சிறு ரயில் நிலையம் உள்ள எந்த ஊருக்குப் போனாலும் அது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கும். வேட்டைக்கு வந்த துரை இறங்குவதற்காகக் கட்டினார்கள் என்பார்கள். நிலம் கொடுத்த பெரிய மனிதர், தன் ஊரில் வண்டி நிற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார் என்பார்கள். கோயில் திருவிழாவுக்காக வந்தது என்பார்கள். ஒன்றிரண்டு இடங்களில் இவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: ஸ்டேஷன் எங்கள் ஊருக்காகக் கட்டப்பட்டது.

அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் புரியாது. மயிலம் முருகன் கோயில் குன்றின் மேல் இருக்கிறது, மயிலம் ஸ்டேஷனோ அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. கோயிலுக்காகக் கட்டுகிறவர்கள் அவ்வளவு தூரத்தில் ஏன் கட்ட வேண்டும்? பல ஊர்களில் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, வயல்காட்டுக்கு நடுவில் நிற்கிறது. ஊரைப் பார்த்துக் கட்டியிருந்தால் அப்படி அமைந்திருக்குமா?

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஊரை விட்டுவிட்டுத் தண்டவாளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பஞ்ச காலத்தில் வந்த பாதை

தென்னிந்திய ரயில்வே கம்பெனி, அதாவது எஸ்.ஐ.ஆர்., 1874இல் உருவானது. நாகப்பட்டினம் பக்கம் ஏற்கெனவே ரயில் ஓட்டிக்கொண்டிருந்த கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வே கம்பெனியும் சேர்ந்ததுதான் அது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகக் கடலூர் நோக்கி அந்தக் கம்பெனி போட்ட பாதை 1876–77 ஆண்டுகளில் நம் பகுதிக்கு வந்தது. வருடத்தைக் கவனியுங்கள். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்தது. நம் ஊர் ஆட்கள் முதன்முதலில் ரயிலைப் பார்த்தது வயிறு காய்ந்திருந்த காலத்தில்.

பாதை மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் 1,000 மில்லிமீட்டர். அகலப்பாதை என்றால் 1,676 மில்லிமீட்டர். செலவைக் குறைப்பதற்காக 1870இல் இந்திய அரசு எடுத்த முடிவு இது. பாலம், மண் மேடு, தண்டவாளம், எஞ்சின் எல்லாமே சிறிதாக இருக்கும், செலவும் கம்மி. அதே சிக்கனத்தின் இன்னொரு பகுதிதான் நம் கதைக்கு முக்கியமானது. பாதை ஒற்றைப் பாதை. போவதற்கும் வருவதற்கும் ஒரே தண்டவாளம்.

இதற்குப் பிறகு 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளை போனது. பின்னர் திருவண்ணாமலை, காட்பாடிப் பக்கம் ஒரு பாதை. 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு நேர்ப்பாதை. விழுப்புரம் பெரிய சந்திப்பாகி, நீராவி எஞ்சின்களுக்கு லோகோ ஷெட்டும் வந்தது. தெற்கே எந்தப் பக்கம் போகும் மீட்டர் கேஜ் வண்டியானாலும் பெரும்பாலும் திண்டிவனம் – விழுப்புரம் ஒற்றைத் தண்டவாளத்தின் மேல்தான் போய்த் தீர வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போய், கப்பலில் இலங்கைக்கு ஆள் ஏற்றிவிட்ட போட் மெயிலும் இந்த வழியாகத்தான் போனது.

ஒற்றைப் பாதையின் கணக்கு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ரயில் பாதையில் சுமார் 37 கிலோமீட்டர். நடுவில் ஒரு ஸ்டேஷன்கூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு இந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 55 நிமிடம் ஆகும். ஒற்றைப் பாதை அல்லவா? ஒரு வண்டி திண்டிவனத்தை விட்டுக் கிளம்பினால், அது விழுப்புரம் போய்ச் சேரும்வரை எதிரில் இன்னொரு வண்டியை விட முடியாது. பின்னாலும் விட முடியாது, முன்னால் போன வண்டி நடுவழியில் நின்றிருந்தால் மோதிவிடும். ஆக ஒரு வண்டிக்கு 55 நிமிடம் என்றால், 24 மணி நேரத்தில் போக, வர இரண்டும் சேர்த்து 26 வண்டிதான். பாசஞ்சர், மெயில், கூட்ஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது நடுவில் நான்கு இடங்களில் பக்கத்துத் தண்டவாளம் ஒன்று போடுகிறோம். லூப் லைன் என்பார்கள். ஒரு வண்டி அதில் ஒதுங்கி நிற்கும், எதிர்வண்டி மெயின் லைனில் போகும். இதுதான் கிராசிங். 37 கிலோமீட்டர் ஐந்து துண்டாகிவிட்டது. ஒவ்வொரு துண்டும் சராசரியாக ஏழரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கடக்க 11 நிமிடம். கணக்குப்படி பாதையின் தாங்குதிறன் ஐந்து மடங்காகிறது. வண்டி நின்று கிளம்பும் நேரம், எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம் என்று பாதியைக் கழித்தாலும் இரண்டரை மடங்கு. புதிதாக ஒரு பாதை போடாமலே இவ்வளவு வண்டி கூட ஓட்டலாம். ரயில்வேக்கு லாபம் இங்கேதான்.

ஸ்டேஷன்கள் ஏன் ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு ஒன்றாக, அளந்து வைத்ததுபோல வருகின்றன என்பதற்கு இதுதான் காரணம். பக்கத்தில் ஊர் இருந்தால் சௌகரியம், ஊர்ப் பெயரை வைத்துக்கொள்வார்கள், டிக்கெட்டும் விற்பார்கள். ஆனால் ஸ்டேஷன் வந்தது முதலில் வண்டியும் வண்டியும் சந்தித்துக்கொள்ள. மனிதன் வண்டியில் ஏறுவது அடுத்தபடிதான்.

பெரியவரிடம் கிராசிங் எப்படி நடக்கும் என்று கேட்டேன். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலும் இரும்புப் பெட்டி போல ஒரு கருவி இருக்கும். இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் கம்பியால் இணைக்கப்பட்டவை. வண்டி அனுப்ப வேண்டுமானால் இவர் மணியடித்து அடுத்த ஸ்டேஷனைக் கேட்க வேண்டும். அவர் 'லைன் கிளியர்' கொடுத்தால்தான் இந்தக் கருவியிலிருந்து ஓர் இரும்பு உருண்டை வெளியே வரும். அதுதான் டோக்கன். ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கக் கருவியிலும் இன்னொன்றை எடுக்க முடியாது. ஆகவே அந்தத் துண்டில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டி இருக்க வழியே இல்லை. உருண்டையைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது.

நிற்கிற வண்டிக்குக் கையில் கொடுத்துவிடலாம். நிற்காத மெயிலுக்கு? "வளையத்தத் தூக்கிப் புடிச்சிக்கினு லைனோரம் நிக்கணும். எஞ்சின்ல இருக்கறவன் கைய வுட்டு மாட்டிக்கினு போவான். அதே நேரத்துல பழைய டோக்கன அவன் வீசுவான். ராத்திரில அது எங்க போயி வுழுந்துச்சின்னு லாந்தரு வெச்சிக்கினு முள்ளுக்குள்ள தேடியிருக்கேன். அது கெடைச்சி பொட்டில போட்டாத்தான் அடுத்த வண்டி."

இதற்காகத்தான் மூன்று ஷிப்ட். ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ் மாற்ற ஆள், கைகாட்டி மரத்தின் உச்சியில் ஏறி விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்ற ஆள், கேட்டுக்கு ஆள், அவர்கள் குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ், குடிக்கக் கிணறு. சிறு கிராமத்தின் ஓரத்தில் இன்னொரு சிறு கிராமம்.

ஊர் அதைத் தனதாக்கிக்கொண்டது

ரயில்வே தன் தேவைக்குக் கட்டியதை ஊர் சும்மா விடவில்லை. நின்ற வண்டியில் ஏறியது, சரக்கையும் ஏற்றியது.

அந்தக் காலத் தென்னார்க்காடு மாவட்டத்தின் பெரிய பணப்பயிர் மணிலா, அதாவது வேர்க்கடலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பகுதிக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சுக்குப் போனது, எண்ணெய்க்காகவும் சோப்புக்காகவும். அந்த வியாபாரத்துக்கு ரயில் முதுகெலும்பு. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. அங்கே உருவான கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். 1940இல் வெளியான டி.எம்.வி. 2 ரகத்தைத் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் பல மாநிலங்களில் பயிரிட்டார்கள். திண்டிவனம் ரயில் நிலையத்தின் குறியீடும் டி.எம்.வி.தான். மூட்டையிலும் டிக்கெட்டிலும் ஒரே மூன்றெழுத்து.

ஊருக்குத் தபாலும் பத்திரிகையும் வந்தது ஸ்டேஷன் வழி. கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு மெயில்தான் மணி. "மெயிலு போயிடுச்சி, எந்திரி" என்று எழுப்பப்பட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. தந்திக்கும் அவசரத்துக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் அறைதான்.

கிராசிங்கை எல்லோரும் திட்டியிருக்கிறோம். நானும்தான். சின்ன வயதில் பாசஞ்சரில் வரும்போது வெயிலில் ஏதோ ஒரு பொட்டல் ஸ்டேஷனில் வண்டியைப் போட்டுவிடுவார்கள். அரை மணி, முக்கால் மணி. "கிராசிங்காம்" என்று பெரியவர்கள் அலுத்துக்கொண்டு இறங்கி வேப்பமரத்தடிக்குப் போவார்கள். வெள்ளரிப் பிஞ்சு, அவித்த கடலை, பானைத் தண்ணீர் வரும். எதிர்வண்டி கடகடவென்று போகும். கைகாட்டி இறங்கும். எல்லோரும் ஓடி வந்து ஏறுவோம். அந்த ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி ஏறியவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். ஆனால் அங்கே இறங்கி நின்றவர்கள் நூறு பேர். கடலை விற்ற அம்மாவுக்குப் பிழைப்பு அந்த நூறு பேரால்தான். நாங்கள் திட்டிய கிராசிங்தான் அந்த ஸ்டேஷனுக்கும் அந்த அம்மாவுக்கும் சோறு போட்டது என்பது பெரியவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வேலை ஒவ்வொன்றாகப் போனது

ஒரு ஸ்டேஷனை யாரும் ஒரே நாளில் மூடுவதில்லை. அதன் வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும்.

முதலில் நீராவி போனது. 1960களின் நடுவில் தாம்பரம் – விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. சென்னைக் கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரையிலான இந்தப் பாதையைத் தவிர, இந்தியாவில் வேறெங்கும் மீட்டர் கேஜில் இப்படி மின்பாதை இருந்ததில்லை. ஜப்பானிலிருந்து வந்த இருபது ஒய்.ஏ.எம்.-1 எஞ்சின்கள் ஓடின. மின்சார எஞ்சினுக்கு வழியில் தண்ணீர் வேண்டாம், கரி வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கும் அதைப் பார்த்துக்கொண்ட ஆளுக்கும் வேலை போயிற்று.

அடுத்து சரக்கு போனது. பத்து மூட்டை, இருபது மூட்டை என்று சிறு ஸ்டேஷனில் ஏற்றுவது ரயில்வேக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரே இடத்தில் முழு ரேக் நிரப்பினால்தான் லாபம். அதே சமயம் வயல் வரைக்கும் லாரி வந்துவிட்டது. பாதைக்குப் பக்கத்திலேயே ஓடும் ஜி.எஸ்.டி. சாலை நான்குவழிச் சாலையானது. விக்கிரவாண்டி என்றால் இன்று பலருக்கு டோல்கேட்தான் ஞாபகம் வரும், ரயில் நிலையம் இல்லை.

பிறகு கேஜ் மாறியது. நாடு முழுக்க ஒரே அகலம் என்ற திட்டம் 1992இல் வந்தது. 1990களின் இறுதிவாக்கில் நம் மீட்டர் கேஜ் தண்டவாளங்களைப் பெயர்த்து அகலப்பாதை போட்டார்கள். அகலப்பாதை வந்தால் பிளாட்பாரம் உயர வேண்டும், நீள வேண்டும், சில இடங்களில் நகரவும் வேண்டும். பழைய கட்டடம் புதுப் பிளாட்பாரத்தோடு ஒட்டாமல் ஓரமாகத் தங்கிவிடும். நான் பார்த்த பூட்டிய அறைகள் பெரும்பாலும் இந்த ரகம்.

கடைசி அடி இரட்டைப் பாதை. செங்கல்பட்டு – விழுப்புரம் இரட்டைப் பாதை வேலை 2010களில் முடிந்தது. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. எதிர்வண்டியே இல்லை என்றால் கிராசிங் ஏது? டோக்கன் ஏது? பின்னால் வரும் வேகமான வண்டிக்கு வழிவிட லூப் லைன் இன்னும் தேவைதான். ஆனால் அது எல்லா ஸ்டேஷனிலும் வேண்டியதில்லை. பாயிண்ட்ஸை மோட்டார் மாற்றும். சிக்னலை ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டே போடலாம். கைகாட்டி போய் வண்ண விளக்கு வந்துவிட்டது.

இந்தக் கட்டத்தில் கணக்கு தலைகீழாகிறது. ஒற்றைப் பாதையில் சிறு ஸ்டேஷன் பாதையின் திறனைக் கூட்டியது. இரட்டைப் பாதையில் அங்கே நிற்கும் ஒவ்வொரு வண்டியும் திறனைக் குறைக்கிறது. பாசஞ்சர் வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகமெடுக்கச் சில நிமிடங்கள் போகும். பின்னால் வரும் எக்ஸ்பிரஸும் வந்தே பாரத்தும் அதற்காகக் காத்திருக்க வேண்டும். எந்த ஸ்டேஷன் பாதைக்கு உதவியாகப் பிறந்ததோ, அதுவே பாதைக்குச் சுமையாகிவிட்டது.

மூன்று விதமான சாவு

தமிழ்நாட்டில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரோடு சேர்ந்து போனது. அது கடல் கொண்ட சாவு.

இன்னொன்று தரங்கம்பாடி. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த கிளைப்பாதையை 1980களில் நிறுத்திவிட்டார்கள். போதிய வருமானம் இல்லை, பஸ் வந்துவிட்டது. அது பாதையே நலிந்து செத்த சாவு.

திண்டிவனம் – விழுப்புரம் சிறு நிலையங்களுக்கு வருவது மூன்றாவது வகை. இங்கே பாதை நலியவில்லை. சென்னையைத் தெற்கோடு இணைக்கும் முதன்மைப் பாதை இது, வண்டிக்கு மேல் வண்டி. பாதை செழித்ததால்தான் நிலையம் நலிகிறது. தனுஷ்கோடியைப் பார்க்கக் கூட்டம் போகிறது. இங்கே யாரும் வருவதில்லை, ஏனென்றால் எதுவும் இடிந்து விழவில்லை. கண்ணெதிரே ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிற்பதுதான் குறைகிறது.

இந்த வகைச் சாவுக்கு உள்ளூரிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. விழுப்புரம் – புதுச்சேரி பாதை 1954 வரை ஆங்கிலேய (பிறகு இந்திய) எல்லையைத் தாண்டி பிரெஞ்சு எல்லைக்குள் போன பாதை. எல்லையில் சுங்கச் சோதனை, பெட்டியைத் திறந்து காட்டல், அதனால் தாமதம், அதைச் சுற்றி ஒரு கூட்டம். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. நாட்டுக்கு நல்ல நாள். எல்லைச் சோதனையை நம்பியிருந்த நடமாட்டத்துக்கு அன்றோடு வேலை தீர்ந்தது. நல்ல காரியம் நடக்கும்போதும் யாரோ ஒருவருக்குக் கடை மூட வேண்டி வருகிறது.

இப்போது என்ன போகிறது?

"போனால் போகட்டும், பஸ் இருக்கிறதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலைப் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களிடம் தேட வேண்டும். கட்டட வேலைக்குச் சென்னை போகிறவர்கள், கூடையோடு போகும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள். இவர்களுக்கு ரயில் என்பது கட்டணக் கணக்கு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ரயில்களை நிறுத்தினார்கள். திரும்ப வந்தபோது பல பாசஞ்சர் வண்டிகள் எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் வந்தன. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பதானது. 2024 தொடக்கத்தில்தான் மறுபடியும் பத்து ரூபாய். நடுவில் நான்கு வருடம். தினமும் போய் வருகிறவருக்கு ஒரு தடவைக்கு இருபது ரூபாய் கூட என்றால், அந்த நாலு வருடத்தில் எத்தனை பேர் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பழகிப்போயிருப்பார்கள்? பழகினவர்கள் திரும்பி வருவது கஷ்டம். வரவில்லை என்றால் ஸ்டேஷன் கணக்கில் டிக்கெட் குறையும்.

அந்த டிக்கெட் கணக்குதான் இப்போது ஸ்டேஷனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம். கிராசிங் இருந்தவரை, ஒருவர்கூட டிக்கெட் வாங்காவிட்டாலும் ரயில்வே அந்த ஸ்டேஷனை மூட முடியாது. தனக்கே அது வேண்டும். இன்று அப்படி இல்லை. ஆள் குறைந்து ஹால்ட் ஆகும், கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜெண்ட் வருவார், வியாபாரம் இல்லை என்றால் அவரும் போய்விடுவார். கவுண்டர் மூடியிருக்கிறது என்று ஆட்கள் டிக்கெட் இல்லாமலே ஏறுவார்கள், அல்லது பெரிய ஸ்டேஷனில் போகவர வாங்கிக்கொள்வார்கள். இரண்டிலும் சிறு ஸ்டேஷன் கணக்கில் பூஜ்யம். 'பயணிகள் இல்லை' என்று தாளில் ஏறும். பிளாட்பாரத்தில் நாற்பது பேர் நிற்பார்கள்.

அதனால் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். ஏறுகிற ஸ்டேஷன் பெயரிலேயே டிக்கெட் எடுங்கள். கவுண்டர் இல்லையா, செல்போன் செயலியில் அந்த ஊர்ப் பெயரைப் போட்டு எடுங்கள். சீசன் டிக்கெட்டும் அப்படியே. ஸ்டேஷன் வேண்டும் என்று மனு கொடுப்பது நல்லதுதான். ஆனால் மனுவில் 'நூறு வருடப் பழமை' என்று எழுதினால் ரயில்வே அசையாது. பழமை அவர்கள் கணக்கில் வராது, டிக்கெட் வரும்.

இன்னொரு பக்கம், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதுப் பாதை என்று 2000களில் அறிவித்தார்கள். செஞ்சிக்காரர்கள் இன்னும் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு ஊர் வராத ஸ்டேஷனுக்காக ஏங்குகிறது, பக்கத்து ஊர் இருக்கிற ஸ்டேஷனைக் கவனிக்காமல் விடுகிறது.

கம்பத்தைப் படியுங்கள்

வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய கட்டடம் இடிந்தாலும் தடயம் போகாது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் வேலிக்கம்பமாக, கேட்டருகே முளையாக, சில ஊர்களில் கொட்டகைத் தூணாகப் பழைய தண்டவாளத் துண்டுகள் நிற்கும். அதன் பக்கவாட்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தயாரித்த ஆலையின் பெயரும் வருடமும் புடைப்பு எழுத்தில் இருக்கும். அது தண்டவாளம் தயாரித்த வருடம்தானே தவிர, ஸ்டேஷன் கட்டிய வருடம் இல்லை. பலர் இங்கே தவறு செய்கிறார்கள். பாலத்துத் தூணிலும் இரும்பு உத்தரத்திலும் இப்படி எழுத்துகள் இருக்கலாம். படம் எடுத்து வையுங்கள். ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், கேட்மேன் யாராவது ஊரில் இருந்தால் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். டோக்கன் வளையம் பிடித்த கைகள் இன்னும் எத்தனை வருடம் நம்மோடு இருக்கும்?

2024 டிசம்பர் 2 அன்று, பெஞ்சல் புயல் மழையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. இந்தப் பாதையில் ரயில்களை நிறுத்தினார்கள். பல வண்டிகள் ரத்து, சில வேறு பாதையில் போயின. அன்று காலைச் செய்தியில் இந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் தமிழ்நாடு முழுக்க ஒலித்தன. ரயில் நிற்க வேண்டி வந்தபோதுதான் சிறு ஸ்டேஷன்கள் எல்லோர் ஞாபகத்துக்கும் வந்தன.

திரும்பும்போது பெரியவரிடம் அதைச் சொன்னேன். அவர் பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முன்னால் ஓர் எக்ஸ்பிரஸ் வேகம் குறையாமல் போனது. அவருடைய வலது கை தன்னையறியாமல் கொஞ்சம் மேலே போய்ப் பாதியில் நின்றது. வளையம் பிடிக்கிற கை. பிறகு சிரித்துக்கொண்டே கீழே விட்டார்.

"பழக்கம் தம்பி" என்றார்.